குடியை நிறுத்தப் போகிறவர் வீட்டில் இருந்தால்: முதல் ஐந்து நாளும் அதற்குப் பிறகும்

தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறேன் என்று காப்புக் கட்டிக்கொண்டு, இருபது முப்பது வருசக் குடியை ஒரே நாளில் விட்டுவிடுகிறவர்கள் நம் தோட்டங்களில் உண்டு. மூன்றாம் நாள் இரவு அவர் சுவரில் பூச்சி ஊருகிறது என்பார். இல்லாத ஆளோடு பேசுவார். உடம்பு கிடுகிடுவென ஆடும், வேட்டி நனைய வியர்க்கும். வீட்டில் சிலர் சாமி வந்துவிட்டது என்று கற்பூரம் கொளுத்துவார்கள், சிலர் காத்து கருப்பு என்று பூசாரியைக் கூப்பிடுவார்கள். உண்மையில் அது பழகிய மது திடீரென்று நின்றுபோனதால் மூளை படும் பாடு. அந்த இரவு ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் உயிரே போகலாம்.

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டத்து ஊர்களில், லயத்து வீட்டிலோ பக்கத்துத் தாமான் குடியிருப்பிலோ, தினமும் குடிக்கும் ஒருவரோடு வாழும் மனைவி, பிள்ளைகள், அண்ணன் தம்பிகளுக்காக இதை எழுதுகிறோம். "இன்னையோட நிறுத்து" என்று சொல்வதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியவை சில உண்டு.

முதலில் கணக்கு

"கொஞ்சமாத்தான் குடிக்கிறார்" என்ற பேச்சை டாக்டரிடம் கொண்டுபோய்ப் பயனில்லை. கிராமில் கணக்குப் போடுங்கள். புட்டியில் உள்ள மில்லியை, லேபிளில் உள்ள மதுச் சதவீதத்தால் பெருக்கி, 100-ஆல் வகுத்து, அதை 0.8-ஆல் பெருக்கினால் தூய மது எத்தனை கிராம் என்று வரும்.

320 மில்லி பீர் கேன், 5 சதவீதம்: ஏறக்குறைய 13 கிராம். பெரிய பீர் போத்தல், 640 மில்லி: ஏறக்குறைய 26 கிராம். 500 மில்லி கேனில் 8 சதவீத பீர்: 32 கிராம். 150 மில்லி சம்சு (மலிவுச் சாராயம்), 40 சதவீதம் என்றால் 48 கிராம். கைக்குள் அடங்கும் அந்த அளவு கிட்டத்தட்ட நான்கு கேன் பீருக்குச் சமம். கள்ளு உடம்புக்குக் குளிர்ச்சி, அது குடியே இல்லை என்பார்கள். 5 சதவீதக் கள்ளு ஒரு லிட்டர் உள்ளே போனால் அதுவும் 40 கிராம்தான். பானையில் நேரம் ஆக ஆகக் கள்ளு புளித்து ஏறிக்கொண்டே போகும் என்பதால், சாயந்தரக் கள்ளு காலைக் கள்ளைவிடக் கடுமையானது.

ஒரு வாரத்துக்கு நாள்காட்டியின் ஓரத்தில் இதைக் குறித்து வையுங்கள். குப்பையில் கிடக்கும் காலிப் புட்டியை எண்ணினாலே போதும், அவரிடம் கேட்க வேண்டியதில்லை. கூடவே எத்தனை வெள்ளி (ரிங்கிட்) என்றும் எழுதுங்கள். நாளுக்கு 15 வெள்ளி என்றால் மாதம் 450. குறைந்தபட்சச் சம்பளமான 1,700 வெள்ளியில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் அது. மேற்பார்வை செய்யும் மண்டோர் வெட்டிய ஆள்பேர் (ஒரு நாள் கூலி), வேலைக்குப் போகாத நாள், அடகுக் கடையில் இருக்கும் தாலிச் சங்கிலி எல்லாம் இந்தத் தொகையில் சேராதவை.

கணக்கைவிட முக்கியமான அடையாளம் ஒன்று உண்டு. விடியற்காலை, பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போவதற்கு முன், அவர் கையில் காப்பி டம்ளரைக் கொடுத்துப் பாருங்கள். டம்ளர் நடுங்கி, ஒரு வாய் ஊற்றிக்கொண்ட பிறகு நடுக்கம் அடங்குகிறது என்றால், உடம்பு மதுவுக்கு அடிமையாகிவிட்டது. அவர் இப்போது போதைக்காகக் குடிப்பதில்லை, நடுக்கம் நிற்கக் குடிக்கிறார். இப்படிப்பட்டவரைத் திடீரென்று நிறுத்தச் சொல்லக் கூடாது.

காரணம் எளிது. மது மூளையை அமுக்கும். தினமும் அமுக்கப்படும் மூளை, அதை எதிர்த்து இரவும் பகலும் தன்னை முடுக்கிவிட்டுக்கொண்டே பழகிவிடுகிறது. பிரேக்கை மிதித்தபடியே எண்ணெயையும் மிதித்துப் போகும் குலை லாரியை நினைத்துக்கொள்ளுங்கள். பிரேக்கிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தால் லாரி பாயும். நடுக்கம், வியர்வை, வலிப்பு, பிதற்றல் எல்லாம் அந்தப் பாய்ச்சல். மூளை தன் முடுக்கத்தைக் குறைத்துக்கொள்ள நான்கைந்து நாள் ஆகும். அதுவரை மருந்தால் பிரேக்கைப் பிடித்து, அதையும் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதுதான் சிகிச்சை.

வீட்டில் வைத்து நிறுத்தக் கூடாதவர்கள்

முன்பு ஒருமுறை நிறுத்தியபோது வலிப்பு வந்தவர், இல்லாததைக் கண்டு பிதற்றியவர், கண் மஞ்சளானவர், வயிறு நீர் கோத்து உப்பியவர், இரத்த வாந்தி எடுத்தவர் ஆகியோருக்கு ஆஸ்பத்திரிப் படுக்கைதான் இடம். இதய நோய், கட்டுக்கடங்காத இனிப்பு நீர் (சர்க்கரை நோய்), கர்ப்பம், வயது முதிர்ச்சி, தூக்க மாத்திரைப் பழக்கம், சாகப் போகிறேன் என்ற பேச்சு ஆகியவையும் இந்தக் கூட்டத்தில் சேரும். பகலும் இரவும் உடனிருக்கப் பெரியவர் ஒருவர் இல்லாத வீடும் அப்படித்தான். போன தடவை ஒன்றும் ஆகவில்லையே என்று நினைக்காதீர்கள். நிறுத்துவதும் தொடங்குவதுமாக இருப்பவருக்கு ஒவ்வொரு தடவையும் முந்தையதைவிடக் கடுமையாகக் கூடும்.

கிளினிக்குக் கூட்டிப் போவது

குடித்திருக்கும்போது பேசிப் பயனில்லை, சண்டைதான் மிஞ்சும். கை நடுங்கும் விடியற்காலை, குமட்டல் எடுத்துத் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நேரம், அதுதான் அவருக்கே பயம் வரும் நேரம். "குடிகாரன்" என்ற சொல்லை எடுக்காதீர்கள். "என்னங்க, கை இப்படி ஆடுது, ரெண்டு நாளா சோறும் இறங்கல. வாங்க, கிளினிக்குல காட்டிட்டு வந்துருவோம்" என்று உடம்பைப் பற்றிப் பேசுங்கள். கடன், மானம், பக்கத்து வீடு எதையும் அப்போது இழுக்க வேண்டாம். வரவில்லை என்றால் விட்டுவிட்டு, அடுத்த வாரம் அதே நேரத்தில் திரும்பக் கேளுங்கள். மாமனார் பேச்சுக்குக் கட்டுப்படாதவர் பழைய கங்காணி பேச்சுக்கோ, கோயில் தலைவர் பேச்சுக்கோ இறங்குவதுண்டு. யார் சொன்னால் கேட்பார் என்று பார்த்து அவரை வைத்துச் சொல்லுங்கள்.

அரசாங்கக் கிளினிக் கெசிஹத்தானில் குடிமக்களுக்கு வெளிநோயாளிக் கட்டணம் ஒரு வெள்ளி. சிவப்பு ஐசி (நிரந்தரவாசி அட்டை) வைத்திருப்பவர்கள் பதிவு மேசையிலேயே கட்டணத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஐசி, சாப்பிடும் மருந்துகள், நீங்கள் எழுதி வைத்த ஒரு வாரக் கணக்கு, கடைசியாக எத்தனை மணிக்குக் குடித்தார் என்ற குறிப்பு ஆகிய நான்கையும் கொண்டுபோங்கள். போகும் காலையில் முழுப் பட்டினியாகக் குடியை நிறுத்திக் கூட்டிப் போக வேண்டாம். வழியில் வலிப்பு வந்துவிடக் கூடாது. டாக்டரைப் பார்க்க இரண்டு மூன்று நாள் ஆகும் என்றால், அதுவரை குடியைத் திடீரென்று நிறுத்தாமல் வழக்கமான அளவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வதே பாதுகாப்பு. ஒரே நாளில் பாதியாக வெட்டுவதும் திடீரென்று நிறுத்துவது போலத்தான்.

மலாயில் சொல்லத் தடுமாறி, "டெமாம்" (காய்ச்சல்) என்று சொல்லிப் பெனடோலோடு திரும்பி வருகிறவர்கள் நிறைய. இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: "டியா மினும் அராக் தியாப்-தியாப் ஹாரி. கலாவ் தா மினும், தாங்ஙான் மெங்கெலெதார். டியா நா பெர்ஹெந்தி." தினமும் குடிக்கிறார், குடிக்காவிட்டால் கை நடுங்குகிறது, நிறுத்த விரும்புகிறார் என்று பொருள். முன்பு வலிப்பு வந்திருந்தால் "டூலு பெர்னா கெனா சாவான்" என்ற வாக்கியத்தைக் கட்டாயம் சேருங்கள். அந்த ஒரு வாக்கியத்தில் சிகிச்சையே மாறிவிடும்.

மனநல மருத்துவரிடம் அனுப்பினால் பலர் அங்கேயே திரும்பிவிடுகிறார்கள். ஈப்போ வட்டாரத்தில் "தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பணும்" என்பது ஏச்சாகவே ஆகிப்போன பேச்சு. அங்கே இருக்கும் உலு கிந்தா பகாகியா மருத்துவமனை 1911-இல் தொடங்கியது. மனநலப் பிரிவு ஈப்போ பெரியாஸ்பத்திரியிலும் உண்டு. குடிச் சிகிச்சை இந்தப் பிரிவின் வேலை என்பதால்தான் அனுப்புகிறார்கள். அங்கே போனால் பைத்தியம் என்று எழுதிவிடுவார்கள் என்ற பயத்தால் எத்தனையோ பேர் வீட்டிலேயே செத்திருக்கிறார்கள். இதை அவர் முன்னால் நீங்களே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். குடிக்கிறேன் என்று டாக்டரிடம் சொன்னால் போலீஸ் வராது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மணிக்கணக்கில் என்ன நடக்கும்

வீட்டிலேயே நிறுத்தலாம் என்று டாக்டர் சொல்லி மருந்து கொடுத்திருந்தால், கடைசிக் குடியின் நேரத்தைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். எல்லாம் அந்த நேரத்திலிருந்துதான் கணக்கு.

6 மணி நேரத்திலிருந்து 12 மணி நேரத்துக்குள் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, குமட்டல், எரிச்சல் தொடங்கும். தூக்கம் வராது. பெரும்பாலோர் இங்கேதான் "ஒரு வாய் மட்டும்" என்று கேட்பார்கள். ஒரு நாளுக்குள் சிலருக்குக் காதில் குரல் கேட்கும், கண்ணில் உருவம் தெரியும். வலிப்பு வருவதானால் முதல் இரண்டு நாளுக்குள் வருவதே அதிகம். இரண்டாம் நாள் முடிந்து நான்காம் நாள் முடியும் வரை மிகக் கொடிய கட்டம்: எங்கே இருக்கிறோம், என்ன கிழமை என்று தெரியாத குழப்பம், கடும் காய்ச்சல், தாறுமாறான நாடித் துடிப்பு, பிதற்றல். இரண்டு நாள் நன்றாக இருந்தாரே என்று வீட்டார் கண் அயர்வதும் இப்போதுதான். மூன்றாம் இரவுக்கு ஆள் மாற்றி விழிக்க முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள். ஐந்தாம் நாள் உடம்பு பெரும்பாலும் தணியும். தூக்கம் மட்டும் பல வாரம் தள்ளிப்போகும்.

மருந்து உங்கள் கையில் இருக்கட்டும், அவர் கையில் வேண்டாம். டாக்டர் கொடுப்பது பெரும்பாலும் டயசெபாம் வகை மாத்திரை. முதல் நாள் அதிகமாகத் தொடங்கி ஒரு வாரத்துக்குள் குறைத்து நிறுத்துவார்கள். எழுதிய அளவை எழுதிய நேரத்தில் கொடுத்து, கொடுத்ததும் காகிதத்தில் கோடு போடுங்கள். ஆள் மயங்கியது போல் தூங்கினால் அடுத்த வேளையைக் கொடுக்காமல் கிளினிக்கைக் கேளுங்கள். மாத்திரையோடு சம்சுவும் சேர்ந்தால் மூச்சே நின்றுபோகும். அதனால் முதல் மாத்திரைக்கு முன் வீட்டையும், கோழிக் கூண்டையும், மோட்டார் சீட்டின் அடியையும், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலும் தேடி எல்லாப் புட்டியையும் அகற்றுங்கள். நாட்டு மருந்தென்று வைத்திருக்கும் மூலிகைச் சாராயத்தையும் சேர்த்து எடுங்கள்.

இன்னொரு மருந்து தயாமின், அதாவது வைட்டமின் பி-1. தீட்டிய வெள்ளை அரிசிச் சோறும் சம்சுவுமாக வாழ்ந்த உடம்பில் இது காலியாக இருக்கும். இது இல்லாவிட்டால் மூளை சேதமாகும்: கண் ஒருபக்கம் இழுக்கும், நடை தள்ளாடும், நேற்று நடந்தது நினைவில் நிற்காது. குடியை விட்ட பிறகும் தள்ளாடுகிறார் என்றால் ஒளித்துக் குடிக்கிறார் என்று அடிப்பதற்கு முன் ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள். தெம்புக்கு என்று வெறும் குளுக்கோஸ் தண்ணீரைக் கரைத்துக் கரைத்துக் கொடுப்பது இங்கே வழக்கம். தயாமின் இல்லாத உடம்பில் சர்க்கரை மட்டும் ஏறினால் மீதியிருக்கும் தயாமினும் செலவாகி, இந்தச் சேதம் முற்றும். வைட்டமின் முதலில், சாப்பாடு அடுத்து.

சாப்பாடு மூன்று வேளை வேண்டாம், ஐந்தாறு தடவை கொஞ்சம் கொஞ்சமாக. உப்புப் போட்ட கஞ்சி, பாசிப்பயறு, முட்டை, வாழைப்பழம், இளநீர். தண்ணீர் நாளுக்கு இரண்டு லிட்டருக்குக் குறையாமல். ஆனால் கால், வயிறு வீங்கியிருப்பவருக்கு உப்பும் தண்ணீரும் டாக்டர் சொன்ன அளவுதான். காப்பி, தே தாரிக் குறையுங்கள், படபடப்பு கூடும். தலைவலிக்குப் பெனடோல் கொடுப்பதானால் கிளினிக்கில் அளவைக் கேட்டே கொடுங்கள். 500 மில்லிகிராம் மாத்திரை நாளுக்கு நான்குக்கு மேல் போகவே கூடாது. கெட்டுப்போன ஈரலுக்கு அதுவே விஷமாகும். மற்ற உடம்பு வலி மாத்திரைகள் வயிற்றில் இரத்தம் கசிய வைக்கும், தொடாதீர்கள்.

அறையில் ஒரு விளக்கு இரவு முழுவதும் எரியட்டும். இருட்டில்தான் நிழல் ஆளாகத் தெரியும். பாராங் கத்தி, அரிவாள், மோட்டார் சாவி மூன்றையும் வேறு வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அவர் எதையோ பார்க்கிறார் என்றால், இல்லை என்று வாதாட வேண்டாம், ஆமாம் என்றும் சொல்ல வேண்டாம். "நான் பக்கத்துலதான் இருக்கேன், பயப்படாதீங்க" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வண்டிக்கு ஆள் அனுப்புங்கள்.

999-ஐ அழைக்க வேண்டிய அடையாளங்கள் இவை: ஒரு தடவை ஆனாலும் வலிப்பு, இடம் நாள் தெரியாத குழப்பம், 38 டிகிரிக்கு மேல் காய்ச்சல், படுத்திருக்கும்போதே நிமிடத்துக்கு 120-க்கு மேல் நாடி, குடித்த தண்ணீரெல்லாம் வாந்தி, இரத்த வாந்தி, தார் போன்ற கறுப்பு மலம், எழுப்பினால் எழாத மயக்கம். செம்பனைக் காட்டுக்குள் இருக்கும் லயத்துக்கு ஆம்புலன்ஸ் வழி தெரியாமல் சுற்றும். தோட்டத்தின் பெயர், டிவிஷன் எண், வெளிச்சாலையில் உள்ள அடையாளம் ஆகியவற்றை எழுதி வைத்து, மோட்டாரில் ஒருவரைச் சந்திப்புக்கு அனுப்பி நிறுத்துங்கள்.

வலிப்பு வந்தால் பக்கவாட்டில் புரட்டிப் படுக்க வையுங்கள். தலைக்கடியில் துணி. வாயில் கரண்டியோ துணியோ திணிக்காதீர்கள், பல் உடைந்து தொண்டையில் போகும். கையில் இரும்புச் சாவி கொடுப்பதால் எதுவும் நிற்காது. கைகாலை அழுத்திப் பிடிக்க வேண்டாம். கடிகாரத்தைப் பாருங்கள், எவ்வளவு நேரம் என்று டாக்டர் கேட்பார். முழு நினைவு வரும்வரை தண்ணீர்கூடக் கொடுக்காதீர்கள்.

பலரும் செய்யும் தவறுகள்

சோற்றிலோ காப்பியிலோ அவருக்குத் தெரியாமல் கலக்கும் "குடி மறக்கும் பொடி" மிக ஆபத்தானது. அதில் டைசல்ஃபிராம் இருந்து, அவர் தெரியாமல் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, இரத்த அழுத்தம் சரிந்து சாகவும் கூடும். டைசல்ஃபிராம் உண்மையான மருந்துதான், ஆனால் குடிப்பவருக்குத் தெரிந்து, சம்மதித்து, டாக்டர் பார்வையில் மட்டுமே எடுக்க வேண்டியது. என்ன இருக்கிறது என்றே தெரியாத பொடியில் வேறு எதுவும் இருக்கலாம்.

அறையில் போட்டுப் பூட்டுவது, காலில் சங்கிலி போடுவது ஆகியவை திடீர் நிறுத்தத்தைக் கண்காணிப்பு இல்லாமல் செய்வதற்குச் சமம். பூட்டிய கதவுக்குப் பின்னால் வலிப்பு வந்தால் யாருக்கும் தெரியாது. சம்சுவை விட்டுப் பீருக்கு மாறினேன் என்பதும் கணக்குப் போட்டால் பெரும்பாலும் அதே கிராமில் வந்து நிற்கும்.

மலிவுச் சரக்கைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த போலி மதுவைக் குடித்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். மெத்தனாலின் கொடுமை, அது தாமதமாகத் தாக்குவது. குடித்த அன்று சாதாரணப் போதைதான். அரை நாள், ஒரு நாள் கழித்துத்தான் வயிற்று வலியும் வாந்தியும் வேகமான மூச்சும் வரும், பார்வை மூடுபனி போல் வெளுக்கும். "தலைப்பாரம், தூங்கினா சரியாகும்" என்று படுக்க வைத்தால் கண்ணோ உயிரோ போகும். குடித்தவர் பார்வை மங்குகிறது என்றால் அந்தப் புட்டியோடு நேராக ஆஸ்பத்திரிக்கு. கூடக் குடித்தவர்கள் வீட்டுக்கும் உடனே ஆள் அனுப்புங்கள், அவர்களுக்கு இன்னும் ஒன்றும் தெரியாமல் இருக்கலாம்.

காலையில் குளித்தால் தெளிந்துவிடும் என்பதும் தவறு. ஈரல் மணிக்கு ஏறக்குறைய 8 கிராம்தான் எரிக்கும், குளியலோ காப்பியோ அதை வேகப்படுத்தாது. இரவு 9-லிருந்து 11 மணிக்குள் 150 மில்லி சம்சு இரண்டும் ஒரு பெரிய பீரும், அதாவது ஏறக்குறைய 120 கிராம் குடித்த 60 கிலோ ஆள், காலை 5 மணிக்கு மோட்டாரில் ஏறும்போது இரத்தத்தில் சட்ட வரம்பைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் மது இருக்கும். வரம்பு 100 மில்லி இரத்தத்துக்கு 50 மில்லிகிராம். 2020 அக்டோபரிலிருந்து முதல் குற்றத்துக்கே 10,000 முதல் 30,000 வெள்ளி வரை அபராதமும், இரண்டு ஆண்டு வரை சிறையும், லைசென்ஸ் பறிப்பும் உண்டு.

ஆறாம் நாளிலிருந்து

நடுக்கம் நின்றதும் குணமாகிவிட்டார் என்று வீடு கொண்டாடும். அப்போது கிளினிக்குத் தேதியைத் தவறவிடுகிறவர்கள்தான் முதல் சம்பளத்தில் விழுகிறார்கள். ஏக்கத்தைக் குறைக்க நல்ட்ரெக்சோன் போன்ற மருந்துகள் இருக்கின்றன. ஈரல் பரிசோதனை பார்த்து டாக்டர் முடிவு செய்வார், கேளுங்கள். நல்ல செய்தியும் உண்டு: ஈரலில் கொழுப்பு படிந்த அளவில் மட்டும் இருந்தால், குடிக்காத சில வாரங்களிலேயே அது பெரும்பாலும் தேறிவிடும். தழும்பேறிச் சுருங்கிய ஈரல் அப்படித் திரும்பாது, ஆனால் அந்த நிலையிலும் நிறுத்தினால் ஆயுள் நீளும்.

பணம்தான் இங்கே முக்கியம். சட்டப்படி சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் வந்தாக வேண்டும். அந்த நாளும், மாத நடுவில் அட்வான்ஸ் வரும் நாளும் ஆபத்து நாள்கள். அன்று வேலை முடியும் நேரத்துக்குப் பிள்ளையோ தம்பியோ போய்க் கூட்டி வரட்டும். வழியில் கடை இருந்தால் வேறு வழியில் வாருங்கள், பத்து நிமிடம் சுற்றானாலும் பரவாயில்லை. வங்கி அட்டையை முதல் ஆறு மாதம் அவர் சம்மதத்தோடு மனைவி வைத்திருக்கலாம். பிடுங்கி வைத்தால் ஆ லோங்கிடம் (சட்டவிரோத வட்டிக்காரரிடம்) போவார். அட்டையே ஆ லோங் கையில் அடமானமாக இருந்தால், வங்கியில் அந்த அட்டையை முடக்கிப் புதியது எடுத்து, மிரட்டலுக்குப் போலீஸ் புகார் செய்யுங்கள். இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை: 2024 மே மாதத்திலிருந்து இபிஎப் (தொழிலாளர் சேமநிதி) சேமிப்பில் எப்போதும் எடுக்கக்கூடிய மூன்றாம் கணக்கு உண்டு, 50 வெள்ளியிலிருந்து கைப்பேசியிலேயே எடுக்கலாம். குடி ஏக்கம் வந்த இரவில் அது கையெட்டும் தூரத்தில் இருக்கும் புட்டி. அதைப் பற்றி அவரோடு பேசி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

கல்யாணம், சாவு வீடு, கருமாதி, கோயில் திருவிழா எல்லாவற்றிலும் ஊற்றிக் கொடுக்க ஆள் இருக்கும். முனியாண்டிக்குப் படைத்த புட்டியைப் "பிரசாதம்" என்று நீட்டினால் மறுக்க முடியாமல் போகும். பூசாரியிடமும் கோயில் கமிட்டியிடமும் முன்னாலேயே சொல்லி வையுங்கள். படையலை இளநீருக்கு மாற்றிக்கொள்ளச் சம்மதிக்கும் பூசாரிகள் இருக்கிறார்கள். மறுக்கும் வார்த்தையை அவர் வீட்டிலேயே சொல்லிப் பழகட்டும்: "ஈரல் கெட்டுருச்சு, டாக்டர் மருந்து சாப்பிடுறேன், குடிச்சா செத்துருவேன்." இதற்கு மேல் வற்புறுத்த யாருக்கும் வாய் வராது.

1946, 47-இல் கெடாத் தோட்டங்களில் தொண்டர் படை இளைஞர்கள் கள்ளுக்கடை முன் மறியல் செய்தார்கள். அந்த வேகம் இன்றும் வேண்டும், இன்னும் குடிக்கப் பழகாத பிள்ளைகளைக் கடை அடைப்பு காக்கும். ஆனால் கை நடுங்கும் நிலைக்கு வந்துவிட்ட அப்பாவைக் கடை அடைப்பு மட்டும் காக்காது. அவருக்குக் கிளினிக்கும் வேண்டும்.

மறுபடி ஒருநாள் குடித்துவிட்டால், மறுநாள் காலை எவ்வளவு, எங்கே, யாரோடு, எந்தப் பணத்தில் என்று கேட்டு எழுதுங்கள். திட்டுவதற்கல்ல, அடுத்த தடவை அடைக்க வேண்டிய ஓட்டை எது என்று தெரிவதற்கு. ஒருநாள் என்றால் அன்றே நிறுத்தலாம். ஒரு வாரம் தொடர்ந்து குடித்துவிட்டால் முதலிலிருந்து டாக்டர் வழிதான்.

சியாபு (ஐஸ் என்ற போதைப்பொருள்), ஹெரோயின் என்றால்

கணக்கு வேறு. ஹெரோயின் நின்றால் அரை நாளுக்குள் கொட்டாவி, மூக்கில் நீர், எலும்பு வலி, வயிற்றுப்போக்கு தொடங்கி, இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய், ஒரு வாரத்தில் தணியும். கொடுமையாக இருந்தாலும் நீர்ச்சத்து குறையாமல் பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் உயிர் போகாது. சாவு அதற்குப் பிறகு காத்திருக்கிறது: சில வாரம் விட்டிருந்தவர் பழைய அளவையே ஏற்றினால் மூச்சு நின்றுவிடும். சிறையிலிருந்தோ புஸ்பென் மறுவாழ்வு நிலையத்திலிருந்தோ வெளியே வந்த முதல் நாள்களில் இது நடக்கிறது. அரசாங்கக் கிளினிக்குகளில் 2005 முதல் மெத்தடோன் திட்டம் உண்டு. தினமும் போய் மருந்தாளர் முன்னால் குடிக்க வேண்டிய திரவ மருந்து அது, வேலைக்கும் போய்க்கொண்டே எடுக்கலாம்.

சியாபுவை விட்டவர் நாள்கணக்கில் தூங்குவார், பசியோடு சாப்பிடுவார். பிறகு மனம் இருண்டுபோகும், சாகும் எண்ணம் வரும். தோட்டத்து வீடுகளில் களைக்கொல்லி கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறது. பாராகுவாட் 2020-லேயே தடை செய்யப்பட்டது, ஆனாலும் பழைய கேன் ஸ்டோரில் கிடக்கலாம். எல்லா மருந்துக் கேனையும் வீட்டை விட்டே அகற்றுங்கள். பேசத் துணை வேண்டும் என்றால் சுகாதார அமைச்சின் ஹீல் எண் 15555.

1983-ஆம் ஆண்டு போதைப் பித்தர் சட்டத்திலேயே தானாக முன்வந்து சிகிச்சை கேட்க இடமுண்டு. மாவட்ட ஏஏடிகே (போதைப்பொருள் தடுப்பு நிறுவன) அலுவலகத்துக்குப் போலீஸ் பிடிப்பதற்கு முன் தானாகப் போவதற்கும், பிடிபட்ட பின் போவதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. போதைப்பொருளைத் தானே உட்கொண்ட குற்றத்துக்கு 5,000 வெள்ளி வரை அபராதம் அல்லது இரண்டு ஆண்டு வரை சிறை.

அடி விழும் வீடு

இதுவரை சொன்ன எதுவும் அடியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்வதாக ஆகாது. குடி காரணமாக இருக்கலாம், அதற்காக நீங்கள் வாங்கிக்கொண்டிருக்க வேண்டாம். அடி பட்டால் அரசாங்க ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். அங்கே இதற்கென்றே ஓஎஸ்சிசி என்ற பிரிவு உண்டு. காயத்தை எழுதி வைப்பார்கள், போலீஸ் புகாருக்கும் வழி செய்வார்கள். சமூகநலத் துறை அதிகாரி அவசரப் பாதுகாப்பு ஆணை கொடுக்கலாம். அரசாங்க உதவித் தொலைபேசியான தாலியான் காசே எண் 15999, எந்த நேரமும் அழைக்கலாம்.

ஐசி, பிறப்புப் பத்திரங்கள், கொஞ்சம் காசு, பிள்ளைகளின் பள்ளிப் புத்தகம் ஆகியவற்றை ஒரு பையில் போட்டுப் பக்கத்து லயத்தில் நம்பகமான அக்காவிடம் கொடுத்து வையுங்கள். அப்பா குடித்துவிட்டு வரும் இரவில் எந்த வீட்டுக்கு ஓட வேண்டும், யார் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று பிள்ளைகளுக்குப் பகலிலேயே சொல்லிக் கொடுத்து, ஒருமுறை நடந்து போயும் காட்டுங்கள்.